காயம் பேசும் நீர்

காக்கை ஒன்று அடிபட்டு விழுந்தால் மற்றக் காக்கைகள் தெருவே அதிரும்படி கூடிக் கரைகின்றன. சிறுத்தையைக் கண்ட குரங்கின் குரல் மரத்துக்கு மரம் தாவிப் போகிறது. ஓடைக்குள் நிகழும் சாவுக்கு இப்படி ஓசை கிடையாது. கூழாங்கற்கள் தெரியும் நீரில் சிறு மீன்கள் கூட்டமாக மேய்ந்துகொண்டிருக்கின்றன. பெரிய மீன் ஒன்று பாய்ந்து வந்து ஒன்றைக் கவ்விச் செல்கிறது. கரையில் நிற்பவர் காதில் எதுவும் விழுவதில்லை. ஆனால் அந்த ஒரு மீனின் முடிவு, அதைக் கண்ணால் காணாத மீன்களுக்கும் சற்று நேரத்தில் தெரிந்துவிடுகிறது. சேதி எந்த வழியில் போகிறது என்று அறிய 1938 வரை ஆயிற்று. அதைக் காட்டிக்கொடுத்தது விரல் நீளமே உள்ள ஒரு மீன்.

விரல் நீளத்தில் ஓர் உயிர்

ஆங்கிலத்தில் அதன் பெயர் மின்னோ. அறிவியல் பெயர் ஃபாக்ஸினஸ் ஃபாக்ஸினஸ். நம் ஊர்க் கெண்டைகள் அடங்கும் பெரும் வரிசையைச் சேர்ந்தது. பொதுவாக 6 முதல் 10 செ.மீ. வரை வளரும். ஐரோப்பாவிலும் வட ஆசியாவிலும் குளிர்ந்த, உயிர்வளி நிறைந்த ஓடைகளிலும் ஆறுகளிலும் ஏரிகளிலும் வாழ்கிறது. பூச்சிகளின் இளம்புழு, சிறு ஓட்டுயிர்கள், பாசி ஆகியவை அதன் உணவு. டிரவுட், பைக் போன்ற மீன்களுக்கும் மீன்கொத்திக்கும் அதுவே உணவு.

ஆண்டின் பெரும்பகுதியில் பழுப்பும் வெள்ளியும் கலந்த அடக்கமான நிறத்தில்தான் இருக்கும். வசந்தத்தின் பிற்பகுதியில் இனப்பெருக்கக் காலம் வந்ததும் ஆண் மீனின் அடிவயிறு சிவக்கும், தொண்டை கறுக்கும், தலையில் வெண்ணிறச் சிறு முகிழ்கள் எழும்பும். ஆழமில்லாத, சரளைக்கல் பரவிய இடங்களில் கூட்டம் கூடி முட்டையிடும். முட்டைகள் கற்களில் ஒட்டிக்கொள்ளும். கல்லிடுக்குகளில் சேறு அடைத்தால் முட்டைக்கு உயிர்வளி கிடைக்காது. ஓடும் தெளிந்த நீர் அது பிறக்கத் தேவை.

இத்தனை சிறிய மீனிடம் ஓர் ஆய்வாளர் பல ஆண்டுகள் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் கார்ல் ஃபான் ஃபிரிஷ். 1886இல் வியன்னாவில் பிறந்தவர். தேனீக்களின் நடனத்தைப் படித்தறிந்தவர் என்று உலகம் அவரை நினைவில் வைத்திருக்கிறது. 1973இல் கொன்ராட் லோரன்ஸ், நிக்கோ டின்பெர்கன் ஆகியோரோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். தேனீக்களுக்கு முன்பே அவர் கையில் மின்னோ இருந்தது. தேனீ ஆய்வு உச்சத்தை எட்டிய காலத்திலும் மின்னோவை அவர் கைவிடவில்லை.

நெற்றியால் பார்க்கும், எலும்பால் கேட்கும்

ஃபிரிஷின் முதல் கேள்வி நிறத்தைப் பற்றியது. கரிய தரையில் மின்னோ கறுக்கும், வெளிர்த் தரையில் வெளுக்கும். தோலில் உள்ள நிறமிச் செல்களில் கருநிறத் துகள்கள் விரியும்போது உடல் கறுக்கிறது, அவை நடுவில் ஒடுங்கும்போது வெளுக்கிறது. அந்தச் செல்களுக்குக் கட்டளை கொண்டுபோகும் நரம்புகளின் பாதையை அவர் ஒவ்வொன்றாக வெட்டிப் பார்த்துக் கண்டுபிடித்தார். குறிப்பிட்ட இடத்தில் நரம்பை வெட்டினால், அதற்குப் பின்னால் வால்வரை உள்ள பகுதி கறுத்துப்போகும். இந்தச் சிறு நுட்பம் பிற்பாடு எதிர்பாராத இடத்துக்கு அவரை இட்டுச் சென்றது.

1911இல் இன்னொரு வியப்பு. கண் பார்வை நீக்கப்பட்ட மின்னோக்களின் நெற்றியில் ஒளியும் நிழலும் மாறி மாறி விழும்படி செய்தார். கண்ணே இல்லாத மீனின் நிறம் ஒளிக்கேற்ப மாறியது. நெற்றிக்கு அடியில் இருக்கும் பீனியல் உறுப்பும் அதையடுத்த மூளைப் பகுதியும் ஒளியை உணர்கின்றன என்பது அதன் பொருள்.

அப்போது மியூனிக்கில் புகழ்பெற்ற கண் மருத்துவராக இருந்த கார்ல் ஃபான் ஹெஸ், மீன்களுக்கு நிறமே தெரியாது என்று வாதிட்டுவந்தார். ஃபிரிஷ் மின்னோக்களுக்கு ஒரு நிறத்தோடு உணவைச் சேர்த்துக் காட்டிப் பழக்கினார். பிறகு பலவகைச் சாம்பல் நிறங்களுக்கு நடுவே அந்த நிறத்தை வைத்தார். சாம்பலின் எந்தச் சாயலோடும் குழம்பாமல் மின்னோக்கள் பழகிய நிறத்தைத் தேடிப் போயின. வெளிச்சத்தின் அளவை மட்டும் பார்க்கும் கண்ணால் இதைச் செய்ய முடியாது.

மீன்கள் செவிடு என்பது அக்காலத்தின் இன்னொரு உறுதியான நம்பிக்கை. 1923இல் ஃபிரிஷ், கண் நீக்கப்பட்ட ஒரு சிறு கெளுத்தி மீன் சீழ்க்கை கேட்டு உணவுக்கு வருவதை வெளியிட்டார். அடுத்து அவர் மாணவர்கள் மின்னோவுக்கு வந்தார்கள். வெவ்வேறு சுருதிகளைப் பிரித்தறியவும் மின்னோவைப் பழக்க முடிந்தது. இதற்கு உதவும் உறுப்பை 1820இலேயே எர்ன்ஸ்ட் ஹைன்ரிக் வெபர் விவரித்திருந்தார். முதுகெலும்புத் தொடரின் முன்பகுதியிலிருந்து உருவான சிறு எலும்புகளின் சங்கிலி, காற்றுப்பையை உட்செவியோடு இணைக்கிறது. நீரில் வரும் ஒலியில் காற்றுப்பை அதிரும், அந்த அதிர்வை எலும்புகள் செவிக்குக் கடத்தும்.

வெபர் எலும்புகள் உள்ள மீன்கள் எல்லாம் ஒரே பெருங்குலத்தைச் சேர்ந்தவை. நம் ஆறுகளின் கெண்டையும் கெளுத்தியும் அதில் அடக்கம், தென் அமெரிக்காவின் பிரானாவும் அடக்கம். உலகின் நன்னீர் மீன் இனங்களில் பாதிக்கு மேல் இந்தக் குலத்தினவே. விராலும் ஜிலேபியும் வேறு குலம். இந்தப் பிரிவினை அடுத்த கண்டுபிடிப்புக்கு மிக முக்கியமானது.

வெட்டுப்பட்ட ஒரு மீன்

சால்ஸ்பர்க் நகரை ஒட்டிய மலைப்பகுதியில் வோல்ஃப்காங் ஏரி இருக்கிறது. அதன் கரையில் புருன்விங்கல் என்ற இடத்தில் ஃபிரிஷ் குடும்பத்தின் கோடைகால வீடு. கரையோர ஆழமற்ற நீரில் மின்னோக் கூட்டம் ஒன்றுக்கு ஒரே இடத்தில் உணவிட்டுப் பழக்கியிருந்தார். கூட்டத்தில் ஒரு குறிப்பிட்ட மீனை அடையாளம் காணவேண்டிய தேவை வந்தது. பழைய நுட்பம் கைகொடுத்தது. ஒரு மீனைப் பிடித்து, வாலுக்கருகில் சிறு வெட்டு வைத்து நரம்பை அறுத்தார். வால்பகுதி கறுத்தது. மீனைக் கூட்டத்தோடு விட்டார்.

கூட்டம் மிரண்டது. உணவை விட்டு விலகியது, நெருக்கிக்கொண்டு ஒன்றாகத் திரண்டது, ஆழத்துக்கு ஓடியது. பழகிய உணவிடத்துக்குத் திரும்ப வெகுநேரம் தயங்கியது. விடப்பட்ட மீனைத் துரத்தி எந்தப் பகைவனும் வரவில்லை. நீரில் எந்த அசைவும் இல்லை. வந்தது ஒரு காயம் மட்டுமே.

1938இல் இதைச் சிறு கட்டுரையாக வெளியிட்ட ஃபிரிஷ், தொடர்ந்து வரிசையாகச் சோதனைகள் செய்தார். உணவிடத்தில் அமைதியாக மேயும் கூட்டத்தின் நடுவே, மின்னோவின் உடல்பகுதிகளை அரைத்துக் கரைத்த நீரைத் தனித்தனியாகச் சேர்த்தார். தோலைக் கரைத்த நீருக்குத்தான் உறுதியான பேரச்சம் எழுந்தது. முழுத்தோல் வேண்டியதில்லை, மிகச் சிறு துணுக்கும் போதும். உறவு விலக விலக, மற்ற மீன் இனங்களின் தோலுக்கு மின்னோ காட்டும் அச்சமும் குறைந்தது. முகரும் நரம்பு துண்டிக்கப்பட்ட மின்னோக்கள் அச்சமே கொள்ளவில்லை. ஆகவே சேதி போகும் பாதை மூக்கு. சேதியைச் சுமப்பது தோலிலிருந்து கசிந்த ஒரு வேதிப்பொருள். ஃபிரிஷ் அதற்கு ஜெர்மனில் ஷ்ரெக்ஸ்டோஃப் என்று பெயரிட்டார். நாம் அச்சப்பொருள் என்று சொல்லலாம்.

1941இல் ஃபிரிஷின் தாய்வழியில் யூத வேர் இருப்பதைக் காட்டி, மியூனிக் பல்கலைக்கழகப் பதவியிலிருந்து அவரை விலக்க நாஜி அரசு முயன்றது. தேனீக்களிடையே பரவிய நோய் உணவு விளைச்சலைப் பாதிக்கும் என்ற அச்சத்தால் அவர் அறிவு அரசுக்குத் தேவைப்பட்டது, பதவி தப்பியது. அச்சத்தின் வேதியியலைப் பற்றிய அவருடைய விரிவான கட்டுரை வெளிவந்தது அந்த ஆண்டுகளில்தான்.

அவருக்குப் பின் வந்தவர்கள் கண்டறிந்தது இன்னும் அழுத்தமானது. ஓடையையே பார்க்காமல், எந்தப் பகைவனையும் சந்திக்காமல் தொட்டியில் வளர்ந்த மின்னோக்களும் அச்சப்பொருளுக்கு மிரள்கின்றன. முட்டையிலிருந்து வந்த உடனே இந்த உணர்வு இருப்பதில்லை. சில வாரங்கள் வளர்ந்த பின் தானாகவே வருகிறது. கற்றுக்கொடுக்க யாரும் தேவையில்லை.

யாருக்காக இந்தச் செல்?

நுண்ணோக்கியில் மின்னோவின் மேல்தோலைப் பார்த்தால், தடி போன்ற வடிவில் பெரிய செல்கள் தெரியும். அச்சப்பொருளை அவற்றோடுதான் ஆய்வாளர்கள் முதலில் இணைத்தார்கள். வொல்ஃப்காங் ஃபைஃபர் பல இன மீன்களைச் சோதித்து, இந்தச் செல்களும் அச்ச எதிர்வினையும் வெபர் எலும்புடைய பெருங்குலத்தில் பரவலாக இருப்பதைக் காட்டினார்.

தடிச் செல்லுக்கு வெளியே திறக்கும் வழி இல்லை. வியர்வைச் சுரப்பிபோல நினைத்த நேரத்தில் சுரக்க முடியாது. தோல் கிழிந்து செல் உடைந்தால்தான் உள்ளிருப்பது நீரில் கலக்கும். பல்லில் அகப்பட்டபின் வெளியாகும் எச்சரிக்கையால் அகப்பட்ட மீனுக்கு என்ன பயன்?

பரிணாமத்தின் கணக்கில் இது சங்கடமான கேள்வி. ஒரு பண்பு நிலைக்க வேண்டுமானால், அதைச் சுமக்கும் உயிருக்கோ அதன் நெருங்கிய உறவுக்கோ அதனால் பயன் இருக்க வேண்டும். மின்னோக் கூட்டம் என்பது நெருங்கிய சொந்தங்களின் குடும்பம் அல்ல. யாருக்கோ உதவ, செலவு பிடிக்கும் செல்லை ஒவ்வொரு மீனும் தோலில் வளர்த்துவைப்பதை இயற்கைத் தேர்வு எப்படி அனுமதித்தது?

கனடாவில் டக்ளஸ் சிவர்ஸும் ஜான் ஸ்மித்தும் உடன் ஆய்வாளர்களும் 1990களில் ஒரு விடை சொன்னார்கள். வட அமெரிக்காவின் ஃபேட்ஹெட் மின்னோவின் தோல்கரைசல், பைக் போன்ற வேறு வேட்டையாடிகளை அவ்விடத்துக்கு ஈர்க்கிறது. இரண்டாவது பைக் வந்து இரைக்காக மோதும் குழப்பத்தில், பிடிபட்ட மீன் நழுவித் தப்பும் வாய்ப்பு உண்டு. அப்படியானால் அச்சப்பொருள் பிடிபட்ட மீனின் கடைசி முயற்சியாகலாம்.

2007இல் சிவர்ஸ் குழு இன்னொரு விடையை முன்வைத்தது. நீர்ப்பூஞ்சையும் ஒட்டுண்ணிப் புழுக்களும் தாக்கும்போது மீன்கள் தடிச் செல்களைக் கூடுதலாக உருவாக்குவதை அவர்கள் கண்டார்கள். புற ஊதாக் கதிரிடமிருந்து காப்பதிலும் இவற்றுக்குப் பங்கு இருக்கலாம் என்றார்கள். அதாவது இந்தச் செல்லின் முதல் வேலை தோலைக் காப்பது. எச்சரிப்பது அதன் வேலையே அல்ல. காயப்பட்ட தோலின் மணம் நீரில் பரவுகிறது. அந்த மணத்தைக் கேட்டு ஓடிய மீன்கள் பிழைத்தன, ஓடாதவை இரையாயின. தலைமுறை தலைமுறையாகப் பிழைத்தவற்றின் மூக்கு கூர்மையானது.

எனக்கு இந்தப் புதிரின் மையம் இங்கேதான் இருக்கிறது. சேதி என்றால் அனுப்புநர் ஒருவர் இருக்க வேண்டும், அவர் மனத்தில் ஒரு நோக்கம் இருக்க வேண்டும் என்று நாம் பழக்கத்தால் எண்ணுகிறோம். மின்னோவின் நீரில் நோக்கம் இல்லாமலே சேதி பிறக்கிறது. கிழிந்த தோல் யாரையும் அழைக்கவில்லை. கேட்கத் தெரிந்த மூக்குதான் அதைச் சேதியாக்குகிறது.

ஜெர்மன் உடலியலாளர் எரிக் ஃபான் ஹோல்ஸ்ட் செய்த ஒரு சோதனையும் இதையே வேறு வழியில் சொல்கிறது. ஒரு மின்னோவின் முன்மூளையை அவர் நீக்கினார். மற்ற மீன்களைப் பொருட்படுத்தும் தன்மை அதனிடம் போய்விட்டது, தன் போக்கில் நீந்தியது. கூட்டம் அதன் பின்னாலேயே சென்றது. வழிநடத்தும் எண்ணம் அந்த மீனுக்கு இருக்க வழியில்லை. பின்தொடர்ந்தவைதான் அதைத் தலைவனாக்கின.

மணத்துக்குப் பெயர் வைப்பது

அச்சம் பிறவியில் வருகிறது. யாரைக் கண்டு அஞ்சுவது என்பதில் பெரும்பகுதி கற்றுக்கொள்வது. பைக் மீனையே அறியாத மின்னோவுக்கு பைக்கின் மணம் ஒன்றும் செய்யாது. அந்த மணமும் அச்சப்பொருளும் ஒன்றாக வந்துசேர்ந்தால், அடுத்த முறை பைக்கின் மணம் மட்டுமே அதை ஒளிய வைக்கும். ஐரோப்பிய மின்னோவில் இந்தக் கற்றலை ஆய்வாளர் ஆன் மகுரன் 1989இல் நிறுவினார். பைக் இல்லாத குளம் ஒன்றில் பைக்குகளை விட்டபோது, அங்கிருந்த ஃபேட்ஹெட் மின்னோக்கள் இரண்டு வாரங்களுக்குள் புதிய பகைவனின் மணத்தை அறிந்துகொண்டன.

மின்னோவைத் தின்ற பைக்கின் கழிவிலும் அச்சப்பொருளின் தடம் இருக்கும். தின்றவனைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம் அது. பைக்குகள் தாம் பதுங்கி இரை தேடும் இடத்தில் கழிவு விடாமல் வேறிடம் போய் விடுவதைத் தொட்டிகளில் கண்ட ஆய்வாளர்கள், அதற்கு இதுவே காரணமாக இருக்கலாம் என்று கருதினார்கள்.

இடத்துக்கு இடம் மின்னோக்களின் குணமும் வேறுபடுகிறது. தென் இங்கிலாந்தின் டார்செட் ஆறுகளில் பைக் உண்டு. வட வேல்ஸின் க்வினெத் பகுதியில் மகுரன் எடுத்த மின்னோக்கள் பைக்கோடு வாழாதவை. இரண்டு இடத்து மீன்களின் முட்டைகளையும் பைக்கே இல்லாத ஆய்வகத்தில் வளர்த்தபோதும், டார்செட் மீன்கள் பைக்கை எதிர்கொள்வதில் தேர்ந்தவையாக இருந்தன. முன்னோர் பட்டது உடலிலேயே பதிந்திருந்தது.

மின்னோ வெறுமனே ஓடி ஒளிவதும் இல்லை. பைக் தென்பட்டால் ஓரிரு மீன்கள் கூட்டத்திலிருந்து பிரிந்து, மெல்ல அதன் அருகே போய் நின்று பார்த்துத் திரும்புகின்றன. உயிரைப் பணயம் வைத்து உளவறியும் செயல் இது. அவை திரும்பியபின் கூட்டத்தின் நடத்தை மாறுகிறது.

இந்தத் துறையில் கருத்து வேறுபாடும் உண்டு. ஆய்வகத் தொட்டியில் அச்சப்பொருள் எழுப்பும் பதற்றத்தை இயற்கை ஆற்றில் தேடிய மகுரனும் உடனாய்வாளர்களும், எதிர்பார்த்த எதிர்வினை அங்கே தென்படவில்லை என்று 1996இல் எழுதினார்கள். நீரோட்டம், பசி, ஒளிவிடம், கூட்டத்தின் அளவு எல்லாம் கலந்த இடத்தில் ஒரு மணத்தின் பங்கைத் தனியே பிரித்தெடுப்பது கடினம். மீன் தன் மூக்கை மட்டும் நம்பி முடிவெடுப்பதில்லை என்று இதிலிருந்து நான் புரிந்துகொள்கிறேன்.

அந்த மணம் எது?

அச்சப்பொருளின் வேதிப்பெயரைக் கண்டுபிடிக்க ஃபிரிஷால் முடியவில்லை. பிற்காலத்தில் ஹைப்போசாந்தின்-3-என்-ஆக்சைடு என்ற மூலக்கூறு முன்மொழியப்பட்டது. அதை நீரில் விட்டால் பல மீன்கள் மிரண்டன. ஆனால் உண்மையான தோல்கரைசல் எழுப்பும் அச்சத்தை அது ஒன்றால் விளக்க முடியவில்லை.

2012இல் சிங்கப்பூரில் அஜய் மதுரு, சுரேஷ் ஜேசுதாசன் குழுவினர் வேறொரு விடையோடு வந்தார்கள். அவர்கள் எடுத்தது சீப்ரா மீன். கங்கைச் சமவெளியிலிருந்து ஃபிரான்சிஸ் ஹாமில்டன் 1822இல் விவரித்த, இன்று உலக ஆய்வகங்கள் எங்கும் நீந்தும் நம் நாட்டுச் சிறுமீன். அதன் அச்சப்பொருளில் கோண்ட்ராய்ட்டின் என்ற நீண்ட சர்க்கரைச் சங்கிலியின் துண்டுகள் முக்கியப் பங்கு வகிப்பதை அவர்கள் காட்டினார்கள். கோண்ட்ராய்ட்டின் மீன் தோலிலும் அதன் வழவழப்புப் படலத்திலும் இயல்பாகவே இருப்பது. தோல் காயப்படும்போது சங்கிலி துண்டாகி நீரில் கலக்கிறது. மூக்குக்கு அடுத்து மூளையில் உள்ள முகர்குமிழின் ஒரு குறிப்பிட்ட பகுதி அந்தத் துண்டுகளுக்கு விழிக்கிறது.

இந்த விடை பழைய புதிரோடு அழகாகப் பொருந்துகிறது. எச்சரிப்பதற்கென்றே தயாரிக்கப்பட்ட தனிப்பொருள் தேவையில்லை. தோலைத் தோலாக வைத்திருக்கும் பொருளே, உடைந்தால் சேதியாகிறது.

தெளிவு யாருடைய கண்ணுக்கு?

மூக்கை நம்பி வாழும் உயிருக்கு நீரின் வேதியியல்தான் ஊர்ச்செய்தி. அதில் நாம் செய்யும் மாற்றம் கண்ணுக்குத் தெரிவதில்லை. கிராண்ட் பிரௌனும் உடனாய்வாளர்களும் 2002இல் வெளியிட்ட ஆய்வு இதைச் சொல்கிறது. இயல்பான நீரில் தோல்கரைசலுக்கு அஞ்சிய ஃபேட்ஹெட் மின்னோக்கள், அமிலத்தன்மை சற்றுக் கூடி பிஹெச் அளவு 6ஆக இருந்த நீரில் அஞ்சவில்லை. அந்த நீரில் மீன் சாவதில்லை. நீரின் நிறமும் மாறுவதில்லை. சேதி மட்டும் அறுந்துபோகிறது.

தாமிரம் இன்னொரு எடுத்துக்காட்டு. அமெரிக்காவின் மேற்குக் கரையில் கோஹோ சால்மன் குஞ்சுகளை, லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் தாமிரம் கரைந்த நீரில் 3 மணி நேரம் வைத்தார்கள். சால்மன் வேறு குலம் என்றாலும், தன் இனத்தின் காயமணத்துக்கு அஞ்சி அசையாமல் நிற்கும் பழக்கம் அதற்கும் உண்டு. தாமிரம் பட்ட குஞ்சுகளுக்கு மூக்கின் நரம்புச் செல்கள் மழுங்கின, காயமணம் வந்தும் பழையபடி அவை நிற்கவில்லை. இந்தத் தாமிரத்தின் ஒரு பங்கு வாகனங்களின் பிரேக் தேய்ந்து சாலையில் படிந்து, மழைநீரோடு ஓடைக்கு வருவது. வாஷிங்டன், கலிஃபோர்னியா மாநிலங்கள் பிரேக் பட்டைகளில் தாமிரத்தைக் குறைக்க 2010இல் சட்டம் இயற்றின. மீன் வாழும் நீரைக் காக்க வாகன உதிரிப்பாகத்தின் கலவையை மாற்றச் சொன்ன சட்டங்கள் அவை.

காவிரியிலும் தாமிரபரணியிலும் மேற்குத் தொடர்ச்சி மலையின் சிற்றோடைகளிலும் நீந்தும் கெண்டை வகைகளும் கெளுத்திகளும் மின்னோவின் பெருங்குலத்தைச் சேர்ந்தவை. ஆலைக் கழிவும் சாலைக் கழிவும் கலக்கும் இடத்தில் மீன் செத்து மிதந்தால்தான் நமக்குச் செய்தி. ஆனால் சாகாமலே முகரும் திறனை இழந்த மீன் அதற்கு வெகுகாலம் முன்பே ஆற்றில் இருக்கக்கூடும். பகைவன் வந்ததையும் கூட்டாளி அடிபட்டதையும் அறியாமல் மேய்ந்துகொண்டிருக்கும் அந்த மீன், நம் பார்வைக்கு நலமான மீன்தான்.

நீரைக் கண்ணாடிக் குவளையில் ஏந்திப் பார்த்துத் தெளிவு என்று சொல்வது மனிதக் கண்ணின் தீர்ப்பு. ஃபிரிஷ் வாழ்நாள் முழுவதும் செய்தது அந்தத் தீர்ப்பை ஒதுக்கிவைத்துவிட்டு, மீனிடமே கேட்டது. மீனுக்கு நிறம் தெரியாது, காது கேட்காது என்று அறிஞர்கள் சொன்னபோதெல்லாம், மீன் பதில் சொல்லக்கூடிய விதத்தில் கேள்வியை அமைத்தார். ஆறுகளின் தரத்தை அளக்கும் நாமும் அதே ஒழுங்கைக் கைக்கொள்ள வேண்டும். மீன் உயிரோடு இருக்கிறதா என்று கேட்பதோடு சோதனை முடிந்துவிடக் கூடாது. அந்த நீரில் அதன் மூக்கு வேலை செய்கிறதா, காயப்பட்ட தோழனின் சேதி அதற்குப் போய்ச் சேருகிறதா என்றும் கேட்க வேண்டும். ஆம் என்று மீன் பதில் சொல்லும் நீரைத்தான் தெளிந்த நீர் என்று அழைக்கும் உரிமை நமக்கு உண்டு.